முதுகலைத் தமிழ் மாணவர்களுக்குக் கணினிவழி உரைப் பகுப்பாய்வை எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: அடிவாரம் (தமிழ்த்துறை உதவிப் பேராசிரியை, சேலம்)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டு அடிவாரத்தை ஒட்டிய ஒரு கல்லூரியில் பணியாற்றுகிறேன். வரும் பருவத்தில் முதுகலை இரண்டாமாண்டு மாணவர்களுக்குக் கணினிவழி உரைப் பகுப்பாய்வு என்னும் விருப்பப் பாடத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பாடத்திட்டத்தில் தொடரடைவு (ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் அதன் சூழலோடு பட்டியலிடுவது), சொல் நிகழ்வெண், நடையியல் அளவீடு (எழுதுபவரின் நடையை எண்ணிக்கையால் அளப்பது), பொருண்மை மாதிரியாக்கம் (சேர்ந்து வரும் சொற்களைக் கணினி பொருள்வாரியாகக் குவிப்பது) என்று தலைப்புகள் வரிசையாக உள்ளன. ஆனால் பரிந்துரைக்கப்பட்ட நூல்கள் அனைத்தும் ஆங்கிலப் பனுவல்களைக் கொண்டே விளக்குகின்றன. மாணவர்களில் பெரும்பாலோர் ஓமலூர், ஆத்தூர், மேட்டூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும், சிலர் சேர்வராயன் மலை ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். சொந்தக் கணினி வைத்திருப்பவர்கள் ஓரிருவரே. கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. ஆய்வகத்தை வணிகவியல் துறையோடு பகிர்ந்துகொள்வதால் வாரத்தில் ஒரு பிற்பகல்தான் எங்களுக்குக் கிடைக்கும்.

முன்னோட்டமாக, தமிழ் நூல்களை மின்னுரையாக இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றை எடுத்து, பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டு இணையத்தில் பலரும் பகிரும் ஒரு நிரலில் இட்டுச் சொற்களை எண்ணிப் பார்த்தேன். வந்த பட்டியலில் சொல் என்று சொல்லத்தக்கது அரிதாகவே இருந்தது. 'தமிழ்' என்று தனியே தட்டிச் சோதித்தால் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டுகள் வருகின்றன. கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவும் மிஞ்சவில்லை. இதற்கு என்ன காரணம்? இலக்கியம் படிக்க வந்த மாணவர்களுக்கு நிரலெழுதக் கற்பித்தே ஆக வேண்டுமா? எந்தப் பனுவல்களை எடுத்துக்கொள்ளலாம்? மலைக் கிராமத்து மாணவி ஒருவர் தம் ஊர்ப் பாட்டிமார் பாடும் பாடல்களையே ஆய்வுப்பொருளாகக் கொள்ள விரும்புகிறார். அது இம்முறைக்கு ஏற்றதாகுமா? அகமதிப்பீட்டுக்கு எதை எழுதச் சொல்வது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஐந்து ரோடு (நிரலாளர்)

வணக்கம் அம்மா. சேலத்துக்காரன்தான், இப்போது பெங்களூரில் மொழிசார் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நீங்கள் பயன்படுத்திய நிரல் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்திருக்கிறது. எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் பொதுமுறையான யூனிகோடில், அகரம் ஏறியவை தவிர மற்ற தமிழ் உயிர்மெய்களுக்குத் தனிக் குறியெண் கிடையாது. 'தமிழ்' என்ற சொல்லில் நாம் காண்பவை மூன்று எழுத்துகள். கணினி வைத்திருப்பவை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள். இவற்றுள் இகரக் குறியையும் புள்ளியையும் யூனிகோடு எழுத்து என்ற வகையில் சேர்க்காமல், எழுத்தைச் சார்ந்து வரும் குறி என்ற வகையில் வைத்திருக்கிறது. பைத்தானோடு வரும் 'ஆர்இ' என்ற தொகுதியோ எழுத்து, எண், அடிக்கோடு ஆகிய மூன்றையும் மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்ளும். ஆகவே குறியைக் கண்ட இடத்தில் சொல் முடிந்துவிட்டதாக எண்ணி வெட்டிவிடுகிறது.

சைக்கிட்-லேர்ன் என்ற புகழ்பெற்ற நூலகத்தில் சொற்களை எண்ணும் கருவியும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறது. கூடவே, இரண்டு குறியெண்ணுக்குக் குறைந்த துண்டுகளைச் சொல்லாமலே தள்ளிவிடும். தமிழ் எழுத்துத் தொகுதி முழுவதையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளுமாறு விதியை மாற்றினால் முதற்சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் இரண்டு என்ற வரம்பு அப்படியே இருந்தால் பூவும் தீயும் கையும் தப்பிக்கும். பசுவைக் குறிக்கும் 'ஆ', தலைவனைக் குறிக்கும் 'ஐ' போன்ற ஓரெழுத்தொருமொழிகள் காணாமற்போகும். சங்கப் பாடலில் பசுவையெல்லாம் ஓட்டிவிட்டு முல்லைத்திணையை ஆராய்ந்து பயனில்லை.

எண்ணுவதற்கு முன் உரையைத் தூய்மைப்படுத்தவும் வேண்டும். 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் உருவாக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். என்.எஃப்.சி எனப்படும் இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் 'ஔவையார்' என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவையார்' என்று தட்டியிருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. அதைக் கண்ணால் தேடித்தான் திருத்த வேண்டும். காலுக்குப் பதில் ரகரம் இடுவதும் அப்படித்தான். அச்சுப் பக்கத்தின் படத்தை உரையாக்கும் எழுத்துணரி வழியாக வந்த கோப்புகளில் இது மிகுதி. இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த உரையில் அகலமில்லா இடைக்குறிகள் சொல்லின் நடுவே ஒளிந்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திருத்திய நிரலை மாணவர்களிடம் கொடுத்து இதையெல்லாம் மறைத்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். உடைந்த பட்டியலையே முதல் நாள் காட்டி, ஏன் உடைந்தது என்று கேளுங்கள். எழுத்ததிகாரம் படித்தவர்களுக்கு உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற துறை மாணவர்களைவிட இவர்களுக்கு இது விரைவில் பிடிபடும். நிரல் முதல் வாரத்திலேயே தொடங்கட்டும். பைத்தானை இணையத்திலேயே எழுதி இயக்க உதவும் கூகுள் கோலாப் உலாவியில் இயங்குவதால் கைப்பேசியே போதும். பத்து வரிக்கு மேல் யாரும் எழுத வேண்டிய தேவை வராது. எழுத்தெண்ணிக்கை வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் என்ற இலவச நூலகம் சொல்லை நம் கணக்குப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும்.

மறுமொழி 2: அஸ்தம்பட்டி (ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்)

பேராசிரியை அவர்களுக்கு வணக்கம். ஐந்து ரோடு தம்பி எழுத்துக் குறியீடு பற்றிச் சொன்னவை பயனுள்ளவை. முதல் வாரத்திலேயே நிரல் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நிரல் தரும் விடை சரியா என்று பார்க்கத் தெரியாதவரிடம் நிரலைக் கொடுத்தால், அது எதைக் கக்கினாலும் ஆய்வேட்டில் அட்டவணையாக ஏறிவிடும். கையால் எண்ணிச் சரிபார்க்கக்கூடிய அளவிலான பனுவலிலிருந்து தொடங்குவதே நல்லது.

நான் வகுப்பெடுத்தால் 411ஆம் குறளைக் கரும்பலகையில் எழுதுவேன்.

செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம் அச்செல்வம்
செல்வத்து ளெல்லாந் தலை

இதில் செல்வம் எத்தனை முறை வருகிறது என்று கேட்டால் மாணவர் எல்லோரும் ஐந்து என்பார்கள். 'செல்வம்' என்று தனித்து நிற்கும் சொல்லைத் தேடுமாறு கணினியிடம் சொன்னால் ஒன்றுகூட இல்லை என்னும், ஏனெனில் மகரம் ஞகரமாகத் திரிந்திருக்கிறது. சந்தி பிரித்த பதிப்பைக் கொடுத்தால் ஒன்று என்னும். சொல்லின் உள்ளேயும் தேடச் சொன்னால், சீர் பிரித்த பதிப்பில் இரண்டு, சந்தி பிரித்த பதிப்பில் மூன்று. 'செல்வ' என்று குறுக்கித் தேடினால்தான் நம் ஐந்து கிடைக்கும். அதே தேடலை நூல் முழுவதிலும் நடத்தினால் 86ஆம் குறளின் 'செல்விருந்து' என்பதும் செல்வக் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்; முன்னவர் விளக்கியபடி, 'வி' என்பது கணினிக்கு வகரமும் அதன்பின் ஒரு குறியும்தானே. இவற்றுள் எந்த எண்ணும் பிழையன்று, ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை. எந்தப் பதிப்பு, எது சொல், வேற்றுமை உருபேற்றதையும் தொகைச்சொல்லையும் சேர்ப்பதா என்பவற்றை எண்ணத் தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டும் என்பது அந்த ஒரு குறளிலேயே விளங்கிவிடும். அதன் பிறகு ஆன்ட்காங்க் போன்ற ஒரு தொடரடைவு மென்பொருளைக் காட்டலாம். அது இலவசமாகக் கிடைப்பது, இணையமின்றியும் இயங்குவது. அதன் அமைப்பில் சொல்லுறுப்புகளை வரையறுக்கும் இடத்தில் எழுத்தோடு குறிகள் என்னும் வகையையும் சேர்க்க மறக்கக் கூடாது.

பனுவல் தேர்வுக்கு வருகிறேன். அகநானூற்றைத் தொகுத்தவர்கள் நமக்கு ஓர் அரிய உதவியைச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை, 2, 8 என்று முடிபவை குறிஞ்சி, 4 என்று முடிபவை முல்லை, 6 மருதம், பத்து, இருபது என வருபவை நெய்தல். அதாவது, 400 பாடல்களுக்கும் திணைப்பெயர் எண்ணிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. எந்திரக் கற்றலுக்கு இப்படிப் பெயரிடப்பட்ட தரவைத் தயாரிக்கப் பிற துறையினர் பெரும்பாடு படுகிறார்கள். சொற்களை மட்டும் பார்த்து ஒரு பாடலின் திணையைக் கணினி சொல்லுமா என்று சோதிக்கலாம். ஐம்பது விழுக்காடு சரியாகச் சொல்லிவிட்டது என்று மாணவர் மகிழ்ந்து வந்தால், 400இல் 200 பாடல்கள் பாலைதானே, பாடலைப் படிக்காமலே 'பாலை, பாலை' என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் அந்த ஐம்பது கிடைக்குமே என்று கேளுங்கள். கணினி தவறிய பாடல்களை எடுத்து வகுப்பில் வாசிப்பதுதான் இந்தப் பயிற்சியின் சுவையான பகுதி. திணைமயக்கம் அங்கே எட்டிப் பார்க்கக்கூடும். தொகுப்பாசிரியரின் பகுப்பையே மாணவர் கேள்வி கேட்கவும் கூடும். கேட்கட்டும்.

நடையியல் அளவீட்டுக்கு உங்கள் ஆங்கில நூல்கள் அமெரிக்கக் கூட்டாட்சிக் கட்டுரைகளைக் காட்டும். 1787–88இல் வெளிவந்த அந்த 85 கட்டுரைகளுள் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா மாடிசனா என்ற வழக்கை, மாஸ்டெல்லர், வாலஸ் என்ற புள்ளியியலாளர் இருவர் 1964இல் வெளியிட்ட நூலில் சிறுசொற்களின் நிகழ்வெண்ணைக் கொண்டு ஆராய்ந்து மாடிசன் பக்கம் தீர்த்தார்கள். பொருள் நிறைந்த சொற்கள் பாடுபொருளுக்கேற்ப மாறும். எழுதுபவர் கவனிக்காமல் விழும் சிறுசொற்களே கையைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர்கள் கொள்கை. தமிழில் அந்த இடத்தில் நிற்பவை இடைச்சொற்கள். இங்கேயும் எண்ணிக்கை மட்டும் போதாது. 'மன்' என்னும் ஒன்றுக்கே கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்கிறது. அரசனைக் குறிக்கும் 'மன்' வேறு. 'கொல்' என்பது ஐயத்தைக் குறிக்கும் இடைச்சொல்லா, கொலைத்தொழிலைக் குறிக்கும் வினையா என்பதைத் தொடரடைவில் வரிவரியாகப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தமிழ் மாணவர்கள் தலைநிமிரக்கூடிய வேலை இது.

ஐங்குறுநூற்றை வைத்துப் புலவர்களைப் பிரித்தறியும் ஆசை பலருக்கும் வரும். மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார் என ஆளுக்கு நூறு என்று அழகாகப் பிரிந்திருப்பதால் கணினி ஐந்து குவியல்களை எளிதில் காட்டும். அது பிரித்தது புலவரையா திணையையா என்பதை அந்நூலை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது, ஏனெனில் இரண்டும் அங்கே ஒன்றோடொன்று பிணைந்தே வருகின்றன. கபிலர் பாரியைப் பாடிய புறப்பாடல்களையும் கூடச் சேர்த்து, அவை அவருடைய குறிஞ்சி நூறோடு சேருமா, மற்றவர்களின் புறப்பாடல்களோடு சேருமா என்று மாணவர்களிடம் முன்கூட்டியே ஊகத்தை எழுதி வாங்கிவிட்டுச் சோதியுங்கள். இன்னொரு தடையும் உண்டு. ஐங்குறுநூற்றுப் பாடல் ஆறடிக்கு மேற்படாது. ஒரு புலவரின் நூறு பாடல்களையும் சேர்த்தாலும் 2,400 சீர்களைத் தாண்டாது. அந்த அளவை வைத்து ஒருவர் நடையைப் பற்றி உறுதியாகப் பேசுவது துணிச்சல்தான்.

பொருண்மை மாதிரியாக்கத்தை ஒரு வகுப்பில் அறிமுகம் செய்துவிட்டு நகர்ந்துவிடலாம். சிறு பாடல்களுக்கும், ஒரே வினை ஐம்பது வடிவமெடுக்கும் மொழிக்கும் அது தரும் சொற்குவியல்களில் நாம் காண விரும்புவதையே காண்போம்.

மறுமொழி 3: மலைப்பாதை (நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர், ஏற்காடு)

மலைக் கிராமத்து மாணவி பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். அவர் சேர்வராயன் மலைப் பழங்குடியினரான மலையாளி மக்களின் பாடல்களை எடுத்துக்கொள்வதாகக் கருதுகிறேன். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்ற மரபுக் கதையை உடைய இம்மக்கள் பேசுவது தமிழே என்பதால், மொழிபெயர்ப்புத் தொல்லை இல்லை; எழுத்துப்பெயர்ப்புத் தொல்லை நிறைய உண்டு. 'வந்துச்சு' என்று ஒரு பாட்டி பாடியதை ஒரு நாள் அப்படியும் மறுநாள் 'வந்திச்சி' என்றும் எழுதினால், கணினி அவற்றை இரு சொல்லாக எண்ணும். உடனே 'வந்தது' என்று திருத்தி எழுதிவிடலாமா என்றால், பாடலின் ஓசையும் வட்டார வழக்கும் அதோடு போய்விடும். ஆகவே ஒவ்வோர் அடிக்கும் மூன்று பத்தி வைக்கச் சொல்லுங்கள்: ஒலிப்பதிவில் அந்த அடி வரும் இடம், கேட்டபடியே எழுதியது, எண்ணுவதற்காகச் சீராக்கியது. சாதாரண விரிதாள் போதும். மூன்றாம் பத்தியை எந்த விதிப்படி சீராக்கினார் என்பதைத் தனியே ஒரு பக்கம் எழுதிவைத்தால், அந்தப் பக்கமே ஆய்வேட்டின் ஓர் இயலுக்குக் கருவாகும்.

பாடல்களின் எண்ணிக்கை சிறிதாகவே இருக்கும். அதிலிருந்து விழுக்காடு போடத் தொடங்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் அடிகள் எவை, எந்த விளிச்சொல்லுக்குப் பின் எது வருகிறது, ஒருவர் பாடியதும் அடுத்த ஊர்க்காரர் பாடியதும் எங்கே பிரிகின்றன என்பவற்றுக்குத் தொடரடைவு மிக நன்றாக உதவும். பல்லவி அடி பத்துமுறை திரும்பினால் பத்தாக எண்ணுவதா, ஒன்றாகவா என்ற கேள்வி முதல் பாடலிலேயே எழும். அஸ்தம்பட்டி ஐயா குறளில் காட்டியது இங்கே இன்னும் கடுமையாக வரும்.

பாடியவரிடம் ஒப்புதல் கேட்பது இன்றியமையாதது. பதிவு செய்ய ஒப்புக்கொண்டவர், அதை இணையத்தில் ஏற்றவும் ஒப்புக்கொண்டார் என்று கொள்ளக் கூடாது. சடங்கில் மட்டும் பாடப்படும் பாடல்களைப் பொதுவெளியில் வைக்கலாமா என்பதை ஊராரிடமே கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால், அப்பாடல்களைத் தரவிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதை ஆய்வேட்டில் குறிப்பிடலாம். மலைமேல் எல்லா ஊரிலும் இணைய இணைப்பு நிலையாகக் கிடைப்பதில்லை. கோலாப்பை நம்பி வீட்டுப்பாடம் தந்தால் கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பும் பிள்ளைகள்தான் இடர்ப்படுவார்கள்.

அடிவாரம்

மூவருக்கும் நன்றி. முதற்பாதியில் கரும்பலகையும் ஆன்ட்காங்க்கும், பிற்பாதியில் பைத்தான் என்று வகுத்துக்கொள்ள எண்ணுகிறேன். உடைந்த சொற்பட்டியலை முதல் நாள் காட்டும் யோசனையை அப்படியே ஏற்கிறேன். நிரலைக் கற்பிக்காமலே அதைக் காட்ட முடியும். அகமதிப்பீட்டுக்கு, எந்தப் பதிப்பு, எது சொல், எதை விலக்கினோம் என்ற முடிவுகளை ஒவ்வொருவரும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்தக் குறிப்பை மட்டும் கொண்டு வகுப்புத் தோழர் ஒருவர் அதே எண்ணை எட்ட முடிந்தால் முழு மதிப்பெண் என்று வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னும் ஓர் ஐயம். எங்கள் துறையின் பழைய ஆய்வேடுகள் பல, டிடிபி கடைகளில் வானவில் எழுத்துருவில் தட்டப்பட்ட கோப்புகளாக உள்ளன. எழுதியவர்களின் இசைவோடு அவற்றையும் தரவாக்கினால், நம் ஆய்வு நடை எப்படி மாறி வந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரிகின்றன.

மறுமொழி 4: ஐந்து ரோடு

மதிப்பெண் முறை நன்றாக இருக்கிறது அம்மா. நிரல் பற்றிய என் பரிந்துரையை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றாலும், இணைய இணைப்பு பற்றி மலைப்பாதை அவர்கள் சொன்னதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பைத்தானை ஆய்வகக் கணினிகளிலேயே நிறுவிவிட்டால் கோலாப் தேவைப்படாது.

அந்தக் கோப்புகளுக்குள் இருப்பவை உண்மையிலேயே ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள்தாம். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது, அவ்வளவே. எழுத்துரு மாற்றிகள் யூனிகோடாக்கித் தரும். ஆனால் எந்த எழுத்துரு என்பதைச் சரியாகத் தெரிவிக்க வேண்டும். ஒரே கோப்பில் தலைப்புக்கு ஒன்றும் உடலுக்கு வேறொன்றும் இருப்பது வழக்கம். பழைய முறையில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடில் அது பின்னால் சேமிக்கப்படும் என்பதால், மாற்றிய பின் கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசைச் சொற்களை மட்டும் தனியே எடுத்துச் சரிபாருங்கள். ஆய்வேட்டின் நூற்பட்டியலில் ஆங்கில நூல்களின் பெயர்கள் இருந்தால் அந்த மாற்றிக் கருவி அவற்றையும் தமிழெழுத்துக் குப்பையாக்கிவிடும். எனவே நூற்பட்டியலையும் ஆங்கில மேற்கோள்களையும் முதலில் வெட்டித் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டு, எஞ்சியதை மட்டும் மாற்றுங்கள். மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம்.